ஹெச்.டி. வீடியோவைச் சின்னதாக்கலாம்... கம்பத்து நம்பர் மட்டும் அழியக்கூடாது!

பெரிய வீடியோவை எஸ்.டி. தரத்துக்கு மாற்றும்போது தெளிவு எங்கே போகிறது, அதைப் போகவிடாமல் தடுப்பது எப்படி? போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு எளிய வழிகாட்டி.

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற என் அத்தை வீட்டுத் தெருவில் ஒரு மின்கம்பம். அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் அதை ஒட்டித்தான் நடக்க வேண்டும். அத்தை சும்மா இருக்கிற ஆள் இல்லை. போனை எடுத்து இரண்டு நிமிஷம் பத்து நொடிக்கு வீடியோ எடுத்துவிட்டார். பளிச்சென்ற ஃபுல் ஹெச்.டி. வீடியோ. கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருந்த எண்கூட துல்லியமாகத் தெரிந்தது.

புகாரோடு இணைக்கப் போனால், கோப்பு பெரிது என்று ஏறவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு 'கம்ப்ரஸ்' செய்தார். அதிலும் தேவையில்லாத பகுதி இருந்ததால், வீடியோவை ஓடவிட்டு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது கோப்பு குட்டியாகிவிட்டது, ஏற்றியும் ஆயிற்று. நான்கு நாள் கழித்து வந்த பதில்: "கம்ப எண் தெளிவாக இல்லை. மீண்டும் அனுப்பவும்."

"ஏன் கண்ணு, நான் எடுத்தப்ப நல்லாத்தானே தெரிஞ்சுது? நடுவுல யாரு அழிச்சது?" என்று போனில் கேட்டார் அத்தை.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடைந்த கம்பம், அறுந்து தொங்கும் கம்பி போன்றவற்றுக்கு அருகே போய் வீடியோ எடுக்க வேண்டாம். தள்ளி நின்று, மின்னகம் எண்ணான 94987 94987க்கு முதலில் அழையுங்கள். வீடியோ அப்புறம்.

தரம் குறையாமல் மாற்ற முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், ஹெச்.டி.யிலிருந்து எஸ்.டி.க்கு வரும்போது விவரம் குறையத்தான் செய்யும். ஒரு கிலோ அரிசியை அரைக் கிலோ பையில் அப்படியே கொட்ட முடியாது. ஆனால் இழப்பு இரண்டு வகை. ஒன்று, அளவு சின்னதாவதால் வரும் தவிர்க்க முடியாத இழப்பு. இன்னொன்று, தப்பான முறையில் மாற்றுவதால் வரும் இழப்பு: கட்டம் கட்டமாகத் தெரிவது, மங்கல், நீண்டுபோன முகம், வெளுத்த நிறம், உதட்டோடு ஒட்டாத குரல். அத்தையின் வீடியோவைக் கெடுத்தது இரண்டாவது வகை. அதை முழுக்கத் தவிர்க்கலாம். சரியாக மாற்றிய எஸ்.டி. வீடியோவை ஐந்தாறு அங்குலப் போன் திரையில் பார்த்தால், அசலுக்கும் அதற்கும் பலருக்கு வித்தியாசமே தெரியாது.

கோலக் கணக்கு

வீடியோ என்பது புள்ளிக் கோலம் மாதிரி. படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றைத்தான் பிக்சல் என்கிறோம். புள்ளிகள் அதிகமென்றால் நுணுக்கமும் அதிகம்.

• 4கே: 3840 × 2160. சுமார் 83 லட்சம் புள்ளிகள்.
• ஃபுல் ஹெச்.டி., அதாவது 1080பி: 1920 × 1080. 20,73,600 புள்ளிகள்.
• ஹெச்.டி., அதாவது 720பி: 1280 × 720. 9,21,600 புள்ளிகள்.
• எஸ்.டி., அதாவது 480பி: அகலத்திரையில் 854 × 480. சுமார் 4,10,000 புள்ளிகள்.

நம் ஊர் டி.வி.யில் பல வருஷம் நாம் பார்த்தது எஸ்.டி.தான். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது தூர்தர்ஷனில் வண்ணம் வந்ததே, அது 'பால்' என்ற முறை. மொத்தம் 625 வரிகள், அதில் படம் தெரிவது 576 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கல்யாண டி.வி.டி.யும் அதே கணக்குதான்: 720 × 576. பெருக்கிப் பாருங்கள், 4,14,720 வரும். அதை ஐந்தால் பெருக்கினால் மிகச் சரியாக 20,73,600. ஆக, ஃபுல் ஹெச்.டி. என்பது பழைய டி.வி. படத்தைப் போல ஐந்து மடங்கு.

இருபது புள்ளிக் கோலத்தை ஒன்பது புள்ளியில் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நடுநடுவே புள்ளிகளை அழித்துவிட்டு மிச்சத்தை இணைத்தால் கோலம் பல்லிளிக்கும். கைப்பழக்கம் உள்ளவர், மொத்த உருவத்தையும் மனசில் வைத்து, வளைவுகளை அளவாகச் சுருக்குவார். மென்பொருளும் இப்படித்தான். மோசமான ஆப் சில பிக்சல்களைத் தூக்கி எறிந்துவிடும். அப்போது படிக்கட்டு மாதிரி உடைந்த கோடுகளும், கிரில் கேட், ஓட்டுக்கூரை மேல் நெளியும் அலைகளும் வரும். நல்ல மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு புதுப் பிக்சல் செய்யும். 'பைகியூபிக்', 'லாங்சோஸ்' என்று எங்காவது தேர்வு கேட்டால், அவை இந்த நல்ல முறைகள். இதில் ஒரு லாபமும் உண்டு. இரவில் எடுத்த வீடியோவில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் துடிக்குமே, பல பிக்சல்கள் ஒன்றாகும்போது அது கொஞ்சம் அடங்கிவிடும்.

எடை வருவது எங்கிருந்து?

பலர் நினைப்பது போல, கோப்பின் எடையைத் தீர்மானிப்பது பிக்சல் எண்ணிக்கை மட்டும் இல்லை. ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தகவல் ஒதுக்குகிறோம் என்பதுதான் எடை. இதற்குப் பெயர் 'பிட்ரேட்'. நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்வார்கள். சுருக்கமாக எம்.பி.பி.எஸ். என்று எழுதியிருக்கும், டாக்டர் படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!

கணக்கு ரொம்பச் சுலபம்: பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி, 8ஆல் வகுத்தால் கோப்பின் எடை எம்.பி.யில் கிடைக்கும்.

அத்தையின் வீடியோ 130 நொடி. போன் நொடிக்கு 17 மெகாபிட் வீதம் பதிவு செய்திருந்தது. 17 × 130 ÷ 8 = சுமார் 276 எம்.பி. அதனால்தான் ஏறவில்லை.

இதையே திருப்பிப் போடலாம். புகார்ப் பக்கத்தில் 10 எம்.பி.தான் உச்சவரம்பு என்று வைத்துக்கொள்வோம். 10 × 8 = 80 மெகாபிட். 130 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு வெறும் 0.6 மெகாபிட். இது எஸ்.டி.க்கே போதாது; படம் கலங்கும். அதே வீடியோவில் தேவையான 40 நொடியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டால் நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும். எஸ்.டி.க்கு இது தாராளம்.

அப்போ அந்த 2 மெகாபிட்டில் ஃபுல் ஹெச்.டி.யாகவே வைத்துக்கொள்ளலாமே, ஏன் எஸ்.டி.? பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் சோறு 100 பேருக்கு. பந்தியில் 500 பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி. யாருக்கும் பசி தீராது. 100 பேர் உட்கார்ந்தால் எல்லோருக்கும் வயிறு நிறையும். பிட்ரேட் குறைவாக இருக்கும்போது, 20 லட்சம் பிக்சல்கள் அரைப்பட்டினி கிடப்பதைவிட 4 லட்சம் பிக்சல்கள் வயிறாரச் சாப்பிடுவது மேல். பெரிய படத்தில் கட்டம் கட்டமாக உடைவது, சின்ன படத்தில் தெளிவாக இருப்பது இதனால்தான்.

இங்கே இன்னொரு சூட்சுமம். எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு தகவல் தேவைப்படாது. அசையாத பெயர்ப்பலகைக்குக் கொஞ்சம் போதும். மழை, ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் இலைகள், நடந்துகொண்டே எடுக்கும் குலுங்கல் ஆகியவை தகவலை அள்ளிச் சாப்பிடும். தெருவில் தேங்கிய மழைநீரை நடந்துகொண்டே எடுத்தால், மாற்றும்போது முதலில் கலங்குவது அதுதான். போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, நின்ற இடத்திலிருந்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

எழுத்து படிக்கும்படி இருக்குமா?

ஆதாரமாக அனுப்பும் வீடியோவில் அழகைவிட முக்கியம், எழுத்து. கம்ப எண், தெருப் பெயர், ரேஷன் கடைப் பலகை, மீட்டர் அளவு, வண்டி எண் எதுவாகவும் இருக்கலாம். 1080ஐ 480ஆல் வகுத்தால் 2.25. அதாவது எல்லாமே இரண்டேகால் பங்கு சின்னதாகும். அசலில் 36 பிக்சல் உயரம் இருந்த எழுத்து 16 பிக்சல் ஆகும், படித்துவிடலாம். 20 பிக்சல் இருந்தது 9 பிக்சல் ஆகும். 3, 8 ஆகத் தெரியும், 6, 0 ஆகத் தெரியும். தமிழ் எழுத்தென்றால் முதலில் காணாமல் போவது மேலே வைக்கும் புள்ளி. 'கல்' என்று எழுதியிருப்பது 'கல' என்று தெரியும். அடுத்து கொம்பும் சுழியும் குழம்பும்.

இதற்கு எந்த மென்பொருளும் முழு மருந்து கிடையாது. மருந்து, எடுக்கும்போதே இருக்கிறது. பாதுகாப்பான இடமென்றால், முக்கியமான எழுத்தை நெருங்கி, அது திரையின் பாதியாவது நிறையும்படி மூன்று நொடி அசையாமல் காட்டுங்கள். பிறகு பின்வாங்கி முழுக் காட்சியையும் காட்டுங்கள். நெருங்க முடியாத இடமென்றால் தனியாக ஒரு புகைப்படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். புகைப்படத்தின் எடை குறைவு, தெளிவு அதிகம்.

மாற்றுவதற்கு முன்: ஏழு படிகள்

1. அசலைப் பிரதி எடுங்கள். மாற்றங்கள் எல்லாம் பிரதியில்தான். அசல் கோப்பில் கைவைக்க வேண்டாம்.

2. முதலில் வெட்டுங்கள். போன் கேலரியிலேயே 'எடிட்' பகுதியில் 'ட்ரிம்' இருக்கும். எடையைக் குறைக்க இதுதான் மிகச் சிறந்த வழி. காட்சித் தரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். புதுக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். வெட்டியதுமே எடை சரியாகிவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையே இல்லை. 720பி-யில் அடங்கினால் 480பி-க்கு இறங்க வேண்டாம்.

3. விகிதத்தைக் காப்பாற்றுங்கள். இன்றைய வீடியோக்கள் 16:9 வடிவம். பழைய டி.வி. 4:3. அகலப் படத்தைச் சதுரமான பெட்டிக்குள் திணித்தால் எல்லோரும் ஒல்லியாகி உயரமாகிவிடுவார்கள். 'விகிதம் மாறாமல் வை' என்ற தேர்வு எப்போதும் இயங்கட்டும். அகல வீடியோவுக்கு 854 × 480. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததென்றால் 480 × 854. இங்கே பலர் ஏமாறுவார்கள். சில மென்பொருள்கள் 480 என்பதை உயரம் என்று எடுத்துக்கொள்ளும். நிமிர்ந்த வீடியோவின் உயரத்தை 480 ஆக்கினால் அகலம் வெறும் 270 ஆகிவிடும். கிடைக்க வேண்டிய பிக்சல்களில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

4. படங்களின் வேகம். நொடிக்கு 60 படம் எடுத்த வீடியோவை 30 ஆக்கலாம். புகாருக்கு அது போதும். சரிபாதியாகக் குறைப்பதுதான் நல்லது. 30இல் எடுத்ததை 25 ஆக்கினால் அசைவு விட்டுவிட்டுத் தெரியும். 30ஐ 30 ஆகவே விடுங்கள்.

5. சுருக்கும் முறை. ஹெச்.264 என்ற முறை 2003இல் வந்தது; ஏறக்குறைய எல்லாப் போனிலும் அலுவலகக் கணினியிலும் ஓடும். 2013இல் வந்த ஹெச்.265 இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் பழைய கணினியில் திறக்காமல் போகலாம். அடுத்தவர் திறந்து பார்க்கத்தானே அனுப்புகிறோம்? ஹெச்.264, எம்.பி.4 வடிவம் பாதுகாப்பான தேர்வு.

6. நிறம். ஹெச்.டி.க்கும் எஸ்.டி.க்கும் நிறத்தைக் கணக்கிடும் விதி வேறு. ஹெச்.டி.யில் பி.டி. 709, எஸ்.டி.யில் பி.டி. 601. மென்பொருள் இதைக் கவனிக்காவிட்டால் சிவப்பும் பச்சையும் லேசாக மாறும். அதைவிடப் பெரிய தொல்லை ஹெச்.டி.ஆர். அதில் எடுத்த வீடியோவைச் சாதாரணமாக மாற்றினால், சாயம் போன வேட்டி மாதிரி வெளுத்துப்போகும். புகாருக்காக எடுக்கும்போது கேமரா அமைப்பில் ஹெச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிடுவது நல்லது.

7. ஒலி. நொடிக்கு 128 கிலோபிட் வைத்தால் நிமிஷத்துக்கு ஒரு எம்.பி.தான் ஆகும். பேச்சு தெளிவாகக் கேட்க அது போதும். ஒலியைக் கடித்து எடையை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கணினியில் செய்வது எப்படி?

ஹேண்ட்பிரேக் என்ற இலவச, திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டதும், தயார் அமைப்புகளில் '480பி30' என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'டைமென்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் அகலமும் உயரமும் நாம் சொன்ன எண்களுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே 'கிராப்பிங்' என்பதை 'நன்' என்று வையுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் இருட்டாக இருக்கும் பகுதியைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து அதுவே வெட்டிவிட வாய்ப்பு உண்டு. இரவில் எடுத்த வீடியோவில் இது முக்கியம்.

அடுத்து 'வீடியோ' பகுதி. இங்கே இரண்டு வழி. எடைக்குக் கட்டுப்பாடு இல்லை, தரம்தான் முக்கியம் என்றால் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி'. இதில் எண் குறையக் குறையத் தரம் கூடும். எஸ்.டி.க்கு 18 முதல் 22 வரை வைக்கும்படி ஹேண்ட்பிரேக் வழிகாட்டியே பரிந்துரைக்கிறது. 20இல் தொடங்கிப் பாருங்கள்.

10 எம்.பி.க்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றால் 'ஆவரேஜ் பிட்ரேட்'. மேலே போட்ட கணக்கில் வந்த எண்ணிலிருந்து ஒலிக்கும் பாதுகாப்புக்குமாகப் பத்து சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். 40 நொடி வீடியோவுக்கு 2 மெகாபிட் வந்ததல்லவா? 1800 கிலோபிட் என்று கொடுங்கள். கூடவே 'மல்டி பாஸ்' என்பதையும் இயக்குங்கள். பழைய பதிப்பில் 'டூ பாஸ்' என்று இருக்கும். முதல் முறை வீடியோவை முழுக்கப் பார்த்து, எந்த இடம் கஷ்டமானது என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அந்த இடங்களுக்கு அதிகமாகவும் அசையாத இடங்களுக்குக் குறைவாகவும் பங்கு போடும். நேரம் கூடுதலாகும், ஆனால் அதே எடையில் படம் மேலும் நன்றாக வரும்.

மேக் கணினி வைத்திருப்பவர்கள் குவிக்டைம் பிளேயரிலேயே 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போய் 480பி தேர்ந்தெடுக்கலாம். நுணுக்கமான கட்டுப்பாடு இல்லை, ஆனால் வேலை முடியும்.

போனில் மட்டும் செய்ய வேண்டுமென்றால்?

சில போன்களின் கேலரி எடிட்டரிலேயே அளவை மாற்றும் வசதி இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். ஐபோனில் ஐமூவி ஆப்பில் சேமிக்கும்போது தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு ஆப் போடுவதாக இருந்தால் அது கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள். வீடியோவைச் சுருக்கும் ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் எதற்கு?

'ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்னும் தளங்களில் யோசித்துத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் வீடியோ உங்களுக்குத் தெரியாத ஒரு கணினிக்குப் போகிறது. அதில் வீட்டு வாசல், பிள்ளைகளின் முகம், உங்கள் குரல் எல்லாம் இருக்கும். குடும்பப் பிரச்சினை, பாலியல் தொல்லை, வன்முறை சம்பந்தப்பட்ட வீடியோ என்றால் அந்தத் தளங்கள் பக்கமே போகாதீர்கள். அப்படி ஒரு வீடியோவை வைத்து யாராவது மிரட்டினால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிவிடும். 2023இல் ஹெச்.டி. தேர்வு வந்த பிறகும் அது அசல் இல்லை, கொஞ்சம் பெரிய சுருக்கம்தான். அசலை அப்படியே அனுப்ப வேண்டுமா? இணைப்புக் குறியைத் தொட்டு, 'கேலரி'க்குப் பதிலாக 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை போகும்.

ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் தகவல் போகும், போனது திரும்பாது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. அத்தையின் வீடியோவுக்கு நடந்தது இதுதான். வாட்ஸ்அப் ஒருமுறை, ஆப் ஒருமுறை, ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒருமுறை. மூன்று முறை வடிகட்டியதில் கம்ப எண் கரைந்துபோனது. விதி ஒன்றுதான்: அசலிலிருந்து ஒரே ஒரு முறை மாற்றுங்கள். சரியாக வரவில்லையா? மாற்றியதை மறுபடி மாற்றாதீர்கள். அசலுக்குத் திரும்பிப் போய் ஆரம்பியுங்கள்.

பழைய கேம்கோடரில் எடுத்த கல்யாண வீடியோ இருக்கிறதா?

அதற்கு ஒரு தனிக் குறிப்பு. பழைய கேமராக்கள் பல, ஒரு படத்தை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்தவை. இதை 'இன்டர்லேஸ்' என்பார்கள். 1080ஐ என்று எழுதியிருந்தால் இதுதான். அப்படியே அளவைக் குறைத்தால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதனால் முதலில் 'டீஇன்டர்லேஸ்', அப்புறம்தான் அளவுக் குறைப்பு. ஹேண்ட்பிரேக்கில் 'ஃபில்டர்ஸ்' பகுதியில் இது இருக்கிறது. போனில் எடுத்த வீடியோவுக்கு இது தேவையில்லை.

அசலை அழிக்காதீர்கள், காரணம் இருக்கிறது

இடம் போதவில்லை என்று பலரும் மாற்றியதை வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடுகிறார்கள். குறைதீர் மனுவுக்கு எஸ்.டி. பிரதி போதும். ஆனால் விஷயம் காவல் நிலையம், நீதிமன்றம் வரை போகக்கூடியது என்றால் அசல்தான் உங்கள் பலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 2023இன் 63ஆவது பிரிவு மின்னணு ஆவணங்களைப் பற்றியது. அதன்படி தரும் சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும், அளவை மாற்றினாலும் கைரேகை வேறாகிவிடும். எடுத்த தேதி, நேரம், இடம் போன்ற உள் விவரங்களும் மாற்றும்போது காணாமல் போகலாம். எனவே அசலைப் போனிலும், இன்னொரு பிரதியைப் பென்டிரைவிலோ கணினியிலோ வைத்திருங்கள். பெயரை மாற்றி வைக்க வேண்டுமானால் பிரதிக்கு வையுங்கள்.

வாசகர்கள் கேட்கக்கூடியவை

எஸ்.டி.க்கு மாற்றியதைத் திரும்ப ஹெச்.டி. ஆக்கலாமா?
அளவைப் பெரிதாக்கலாம், விவரம் வராது. செயற்கை நுண்ணறிவு ஆப்கள் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும். அவை இல்லாததை ஊகித்து வரைகின்றன. கல்யாண வீடியோவுக்குச் சரி. வண்டி எண்ணுக்குச் சரியில்லை. தப்பான எண்ணைத் தெளிவாகக் காட்டிவிடும் ஆபத்து உண்டு.

மாற்றிய பிறகு படம் மங்கலாக இருக்கிறது. 'ஷார்ப்' கூட்டலாமா?
கொஞ்சம் கூட்டலாம். அதிகமானால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரும், எடையும் ஏறும்.

முதலிலேயே குறைந்த தரத்தில் எடுத்துவிடலாமே?
எடுக்கலாம், 720பி வரை இறங்கலாம். ஆனால் ஹெச்.டி.யில் எடுத்து அப்புறம் சின்னதாக்குவதுதான் பெரும்பாலும் நன்றாக வரும். தேவைப்பட்டால் பெரிய பிரதியும் கையில் இருக்கும்.

அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை

• முக்கியமான எழுத்து வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வீடியோவை எடுக்காத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எண் முன்பே தெரியும் என்பதால் உங்கள் கண் ஏமாற்றும்.
• மனிதர்களும் வண்டிச் சக்கரங்களும் சரியான வடிவத்தில் இருக்கிறார்களா? சக்கரம் முட்டையானால் விகிதம் தப்பு.
• வீடியோவின் கடைசிப் பகுதியில் குரலும் உதடும் ஒத்துப்போகிறதா?
• கோப்பின் எடை, ஏற்றும் பொத்தான் அருகே சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா?
• அசல் பத்திரமாக இருக்கிறதா?
• கம்ப எண், தெருப் பெயர் முதலியவற்றைப் புகாரிலும் எழுத்தால் குறிப்பிட்டிருக்கிறீர்களா? வீடியோ துணைக்குத்தான்.

இவ்வளவும் கைகூடவில்லை என்றால் கவலை வேண்டாம். முதல்வரின் உதவி மைய எண் 1100க்கு அழைத்துப் பேசியும் குறையைப் பதிவு செய்யலாம். வீடியோ இல்லாததால் உங்கள் குறை குறையில்லாமல் போய்விடாது.

அத்தையின் போனில் அசல் வீடியோ நல்லவேளையாக அழியாமல் இருந்தது. டாக்குமென்ட்டாக எனக்கு அனுப்பச் சொன்னேன். 40 நொடிக்கு வெட்டி, அசலிலிருந்து ஒரே முறை 480பி-க்கு மாற்றினேன். 9 எம்.பி.க்குள் வந்தது. திருப்பி அனுப்பியதும் அத்தை செய்த முதல் காரியம், எதிர்வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டியதுதான். பாட்டி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கம்ப எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, சத்தமாக, தப்பில்லாமல் படித்தார். அதற்கப்புறம்தான் அத்தை புகாரை மறுபடி ஏற்றினார்.